துருவ ஒளியைத் தேடி ஒரு கப்பல்

அக்டோபர் மாதத்து இரவு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நார்வே நாட்டின் வடகோடியில், ட்ராம்சோ துறைமுகத்தை விட்டு வெளியேறிய கப்பல் ஒன்று மலைகளுக்கு இடையே அமைதியாகச் சென்றுகொண்டிருக்கிறது. மணி பத்தரை. பயணிகளில் பாதிப் பேர் படுக்கைக்குச் சென்றுவிட்டனர். திடீரென ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு: வானில் ஒளி தெரிகிறது! அவ்வளவுதான். கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு எல்லாரும் மேல்தளத்துக்கு ஓடுகின்றனர். தலைக்கு மேலே பச்சை நிறத் திரைச்சீலை ஒன்று, காற்றே இல்லாத வானத்தில் அசைந்தாடிக்கொண்டிருக்கிறது. அதன் ஊடே விண்மீன்கள் பளிச்சிடுகின்றன.

இதுவே வடதுருவ ஒளி. உரோமானியரின் வைகறைத் தெய்வத்தின் பெயரால் 'அரோரா' என்றும் இதனை அழைப்பர். தென்முனையிலும் இதே போன்ற ஒளி உண்டு.

ஆண்டுதோறும் இலையுதிர் காலம் தொடங்கியதும் இவ்வொளியைக் காண்பதற்கென்றே ஏராளமானோர் நார்வேக் கடற்கரையை நாடிச் செல்கின்றனர். இங்கே நாம் மூன்று கேள்விகளை எழுப்பலாம். ஏன் அந்த இடம்? ஏன் அந்த மாதம்? ஏன் அந்த நேரம்? மூன்றுக்கும் இயற்பியலிடம் தெளிவான விடை இருக்கிறது. ஆனால் பயணிகள் ஒவ்வொருவரும் கேட்கும் நான்காவது கேள்வி ஒன்று உண்டு: "இன்றிரவு ஒளி தெரியுமா?" அதற்கு விடை கூறுவதில்தான் விஞ்ஞானிகள் இன்றும் திணறுகின்றனர். அக்கேள்வி சுற்றுலாப் பயணிகளை மட்டும் பொறுத்ததன்று. நம் வீட்டு மின்விளக்கையும் பொறுத்தது என்பதைப் பின்னர் காண்போம்.

கடற்கரையோரக் கப்பல் வழி

நார்வேயின் மேற்குக் கரையில் பெர்கன் என்னும் நகரம் உள்ளது. அங்கிருந்து புறப்படும் கப்பல், கரையை ஒட்டியே வடக்கு நோக்கிச் சென்று, ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்கெனெஸ் துறைமுகத்தை அடையும். பிறகு வந்த வழியே திரும்பும். வழியில் 34 துறைமுகங்கள். போய்வர 12 நாட்கள். இவை வெறும் உல்லாசக் கப்பல்கள் அல்ல. சரக்குகளையும் உள்ளூர் மக்களையும் ஏற்றிச்செல்லும் போக்குவரத்துச் சேவையாகவே இது தொடங்கியது. 1893 ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரிச்சர்டு வித் என்னும் கப்பல் தலைவர், 'வெஸ்டெரோலன்' என்ற நீராவிக் கப்பலை ட்ரான்ட்ஹைமிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்குச் செலுத்தி இச்சேவையைத் துவக்கி வைத்தார்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பெர்கன் ஏறத்தாழ 60 பாகை வட அட்சத்தில் உள்ளது. பயணத்தின் நான்காம் நாள் கப்பல் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கிறது. ஐந்தாம் நாள் ட்ராம்சோ; அதன் அட்சம் ஏறத்தாழ 70 பாகை. இவ்வளவு வடக்கே இருந்தும் அத்துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் அக்கரையைத் தழுவிச் செல்வதே காரணம். உலகில் இதே அட்சத்திலுள்ள வேறு பல கரைகளைக் குளிர்காலத்தில் பனிக்கட்டி மூடிவிடும். அங்கே சாதாரணக் கப்பல் நெருங்க முடியாது.

சூரியனிலிருந்து ஒரு காற்று

கதை சூரியனில் தொடங்குகிறது. சூரியனின் வெளிமண்டலம் பத்து இலட்சம் பாகை அளவுக்கு வெப்பமுடையது. அங்கே அணுக்கள் முழுமையாக இருப்பதில்லை. புரோட்டான்களும் எலெக்ட்ரான்களுமாகப் பிரிந்து கிடக்கின்றன. இவை எல்லாத் திசைகளிலும் ஓயாமல் வெளியே பாய்கின்றன. இதுவே சூரியக் காற்று. சராசரியாக விநாடிக்கு 400 கி.மீ. வேகம். சூரியனுக்கும் நமக்கும் இடையே 15 கோடி கி.மீ. தொலைவு. வகுத்துப் பாருங்கள்: நான்கு நாட்களுக்குச் சற்று அதிகமாக வருகிறதல்லவா? கப்பல் பெர்கனிலிருந்து ட்ராம்சோவை அடைய எடுத்துக்கொள்ளும் காலமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே, நீங்கள் பெர்கனில் ஏறும் நாளில் சூரியனை விட்டுப் புறப்படும் துகள்கள், நீங்கள் துருவ ஒளியின் நாட்டை அடையும் வேளையில் பூமியை வந்து சேர்கின்றன!

சூரியக் காற்று என்று ஒன்று இருக்கவேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி யூஜின் பார்க்கர். 1958 இல் அவர் அனுப்பிய ஆய்வுக் கட்டுரையைப் பரிசீலித்த இருவரும் அதை ஏற்கவில்லை. அந்த ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர் யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சுப்ரமணியன் சந்திரசேகர்தான். பார்க்கரின் முடிவில் அவருக்கும் ஐயம் இருந்தது. ஆனால் கணிதத்தில் பிழை எதையும் காணமுடியவில்லை. எனவே கட்டுரையை வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், 1962 இல், வெள்ளிக்கோளை நோக்கிச் சென்ற மாரினர்-2 விண்கலம் அக்காற்றை வழியெல்லாம் அளந்து காட்டிவிட்டது.

ஏன் அந்த இடம்?

பூமி ஒரு பெருங்காந்தம் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். மின்னூட்டம் பெற்ற துகள் காந்தக் கோடுகளின் குறுக்கே எளிதில் செல்ல முடியாது. கோடுகளைச் சுற்றிச் சுழன்றுகொண்டு அவற்றின் வழியேதான் செல்லும். ஆகவே சூரியக் காற்று பூமியை நேரே தாக்குவதில்லை; ஆற்றின் நடுவே நிற்கும் பாறையை நீர் சுற்றிச் செல்வதைப் போல ஒதுங்கிச் செல்கிறது. பகல் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் அழுத்தப்படுகிறது. இரவுப் பக்கத்தில் அது நீண்ட வாலாக இழுபடுகிறது.

சூரியனிலிருந்து வரும் துகள்கள் நேராகத் துருவங்களில் விழுந்து ஒளியை உண்டாக்குகின்றன என்று சில நூல்களில் எழுதியிருப்பார்கள். உண்மை அதுவன்று. சூரியக் காற்று கொண்டுவரும் ஆற்றல் முதலில் பூமியின் காந்த வாலில் சேர்கிறது. வால் இழுத்த ரப்பர் நாடாவைப் போல நீள்கிறது. ஓர் எல்லைக்குமேல் காந்தக் கோடுகள் அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்கின்றன. இழுத்துவிட்ட நாடா சுருங்குவதுபோல் அவை பூமியை நோக்கிப் பாய்கின்றன. அந்த ஆற்றலால் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள், விநாடிக்குப் பல்லாயிரம் கி.மீ. வேகத்தில் காந்தக் கோடுகளின் வழியே இறங்கி வளிமண்டலத்தில் மோதுகின்றன. 2007 இல் ஏவப்பட்ட 'தெமிஸ்' என்னும் ஐந்து செயற்கைக்கோள்கள், அடுத்த ஆண்டே இந்த 'அறுந்து ஒட்டும்' நிகழ்ச்சியை நேரில் கண்டன. நிகழ்ந்த இடம், சந்திரன் இருக்கும் தொலைவில் மூன்றில் ஒரு பங்கில்!

வாலிலிருந்து வரும் அந்தக் கோடுகள் பூமியில் வந்து இறங்கும் இடங்களை இணைத்தால் ஒரு வளையம் கிடைக்கும். காந்தத் துருவத்தை நடுவாகக் கொண்ட அவ்வளையமே துருவ ஒளி வளையம். நார்வேயின் வடகரை சரியாக அதன் கீழே அமைந்திருக்கிறது. துருவத்துக்கு நெருங்க நெருங்க ஒளி அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். வளையத்தைத் தாண்டித் துருவத்தை நெருங்கினால் ஒளி குறைந்துவிடும்!

நம் தமிழ்நாட்டில் ஏன் இது தெரிவதில்லை என்பதும் இப்போது விளங்கும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்கிறது. இங்கே காந்தக் கோடுகள் தரைக்கு ஏறத்தாழ இணையாகக் கிடக்கின்றன. ட்ராம்சோவிலோ அவை கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகின்றன. சரிவூசி ஒன்றைத் திருநெல்வேலியில் வைத்தால் படுத்திருக்கும். ட்ராம்சோவில் வைத்தால் தலைகீழாக நிற்கும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பூமி

இக்கருத்துக்கு வித்திட்டவர் நார்வே நாட்டு இயற்பியலார் கிறிஸ்டியன் பிர்கலாண்டு. இவர் ஒரு பித்தளைக் கோளத்துக்குள் மின்காந்தத்தை வைத்து, கோளத்தின்மேல் ஒளிரும் பொருளைப் பூசி, காற்று நீக்கிய பெட்டிக்குள் தொங்கவிட்டார். பிறகு கேதோடு கதிர்களை, அதாவது எலெக்ட்ரான்களை, அதன்மேல் செலுத்தினார். கோளம் முழுவதும் ஒளிரவில்லை. இரு துருவங்களைச் சுற்றி இரண்டு ஒளி வளையங்கள் மட்டும் தோன்றின!

சோதனைச்சாலையோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1899 இல் ஆல்டா என்ற ஊருக்கு அருகே, ஹால்டே மலையில் சுமார் 900 மீட்டர் உயரத்தில் கல்லால் ஒரு நிலையம் கட்டி, அந்தக் குளிர்காலத்தைத் தம் குழுவினருடன் அங்கே கழித்தார். கடுங்காற்றும் பனியும் அவர்களை வாட்டின. உதவியாளர் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார். அவ்வளவு துன்பத்துக்கிடையே எடுத்த அளவீடுகளைக் கொண்டு, காந்தக் கோடுகளின் வழியே வானிலிருந்து பெரும் மின்னோட்டங்கள் இறங்குகின்றன என்று பிர்கலாண்டு கூறினார். பலர் நம்பவில்லை. அவர் 1917 இல் மறைந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின்னர் செயற்கைக்கோள்கள் அம்மின்னோட்டங்களை நேரடியாக அளந்தன. இன்று அவை 'பிர்கலாண்டு மின்னோட்டங்கள்' என்றே வழங்கப்படுகின்றன.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சூரியனிலிருந்து எலெக்ட்ரான்கள் மட்டுமே கற்றையாக வருகின்றன என்று அவர் முதலில் கருதியது சரியன்று. ஒரே வகை மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கற்றை பூமியை அடையுமுன்னரே சிதறிவிடும். சூரியக் காற்றில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சம அளவில் இருப்பதால்தான் அது இவ்வளவு தூரம் சிதறாமல் வருகிறது.

பச்சையும் சிவப்பும்

கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்குப் பெரும்பாலும் தெரிவது பச்சை. சில வேளைகளில் அதற்கு மேலே மங்கிய சிவப்பு. கீழ் விளிம்பில் இளஞ்சிவப்புக் கரை. இந்நிறங்கள் எங்கிருந்து வந்தன?

விரைந்துவரும் எலெக்ட்ரான் ஆக்சிஜன் அணுவில் மோதும்போது அணு சிறிது ஆற்றலைப் பெறுகிறது. பெற்ற ஆற்றலை ஒளியாக வெளிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நியான் விளக்கில் நடப்பதும் இதுவே. 1860களில் சுவீடன் நாட்டு ஆங்ஸ்ட்ராம், துருவ ஒளியை நிறமாலைமானியில் பார்த்தார். 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில் பளிச்சென்று ஒரு பச்சைக் கோடு! ஆனால் சோதனைச்சாலையில் எந்தத் தனிமத்தைச் சூடேற்றியும் அக்கோடு கிடைக்கவில்லை. ஏறத்தாழ 60 ஆண்டுகள் அது புதிராகவே இருந்தது. 1925 இல் கனடாவின் டொரண்டோ நகரில் மக்லென்னன், ஷ்ரம் என்னும் இருவர், அது ஆக்சிஜன் அணுவின் கோடே என்று மெய்ப்பித்தனர்.

ஏன் இத்தனை காலம் பிடித்தது? மற்ற நிறமாலைக் கோடுகளை அணு கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்குள் வெளிவிட்டுவிடும். இப்பச்சைக் கோட்டை வெளிவிட ஆக்சிஜன் அணு சுமார் முக்கால் விநாடி காத்திருக்க வேண்டும். சிவப்புக் கோட்டுக்கோ ஏறத்தாழ 110 விநாடிகள்! தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நின்றுகொண்டு உங்களால் ஒரு கடிதம் எழுத முடியுமா? நாலா புறமும் இடிபடும்போது பேனா ஓடாது. அடர்த்தியான காற்றிலுள்ள அணுவின் கதியும் அதுதான். ஒளியை வெளிவிடுமுன் மற்றோர் அணுவோ மூலக்கூறோ அதனை இடித்து ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். 100 கி.மீ. உயரத்தில் காற்று மிக மெல்லியது. பச்சைக்குப் போதிய அவகாசம் கிடைக்கிறது. சிவப்புக்கு அதுவும் போதாது. 200 கி.மீ.க்கு மேலே, அணுக்கள் ஒன்றையொன்று அரிதாகவே சந்திக்கும் இடத்தில்தான் சிவப்பு ஒளி பிறக்கிறது. எனவேதான் எப்போதும் சிவப்பு மேலே, பச்சை கீழே. கீழ் விளிம்பின் இளஞ்சிவப்பு நைட்ரஜனின் கொடை.

இந்த உயரங்களை எப்படி அளந்தார்கள்? கைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றதை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றுகிறதல்லவா? நார்வேயின் கணித மேதை கார்ல் ஸ்டோர்மர் இதே உத்தியைக் கையாண்டார். 1910 இல் ஆல்டாப் பகுதியில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு நிலையங்களை அமைத்து, தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரே நொடியில் இரு படங்கள் எடுக்கச் செய்தார். விண்மீன்களின் பின்னணியில் ஒளி எவ்வளவு இடம் மாறியது என்பதிலிருந்து, முக்கோணக் கணக்கால் உயரம் கிடைத்துவிட்டது. திரைச்சீலையின் அடி விளிம்பு பெரும்பாலும் 100 கி.மீ.யை ஒட்டியே இருந்தது.

நீங்களும் ஒரு கணக்குப் போடுங்கள். பூமியின் ஆரம் R, ஒளியின் உயரம் h என்றால், அது அடிவானத்தில் தெரியக்கூடிய தொலைவு ஏறத்தாழ 2Rh இன் வர்க்கமூலம். R = 6400 கி.மீ., h = 100 கி.மீ. என்றால் விடை சுமார் 1130 கி.மீ. 400 கி.மீ. உயரத்துச் சிவப்பு ஒளி என்றால் சுமார் 2260 கி.மீ. தொலைவிலிருந்தும் தெரியும். காந்தப் புயலின்போது வளையம் தெற்கே விரியும். அதன் செந்நிற உச்சியோ மேலும் தெற்கே தெரியும். 2024 ஆம் ஆண்டு மே மாதம் 10, 11 தேதிகளின் பெரும்புயலின்போது, லடாக்கில் ஹன்லே வானாய்வு நிலையத்தின் கருவிகளில் செந்நிற ஒளி பதிவானது!

ஏன் அந்த மாதம்?

இலையுதிர் காலத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முதல் காரணம் இருட்டு. மே மாதப் பிற்பகுதி முதல் ஜூலை மாதப் பிற்பகுதி வரை ட்ராம்சோவில் சூரியன் மறைவதே இல்லை. அப்போதும் துருவ ஒளி வானில் இருக்கத்தான் செய்கிறது. பகலில் விண்மீன்கள் இருப்பதைப் போல. ஆனால் தெரியாது. ஆகஸ்டு கடைசியில் இருட்டு திரும்பி வருகிறது. செப்டம்பர் கடைசியில் இரவும் பகலும் சமம்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. காந்தப் புயல்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி மிகுதியாகவும், ஜூன், டிசம்பர் மாதங்களில் குறைவாகவும் நிகழ்கின்றன. இதற்கான விளக்கத்தை 1973 இல் ரஸல், மக்ஃபெரன் என்னும் விஞ்ஞானிகள் அளித்தனர். சூரியக் காற்று தன்னுடன் சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்து வருகிறது. பூமியின் முன்பக்கத்தில் நம் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருக்கிறது. வரும் புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் இரண்டும் நன்றாக இணையும், கதவு திறக்கும். ஆனால் சூரியனின் புலம் பெரும்பாலும் பக்கவாட்டில் படுத்தே வருகிறது.

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே பூமியின் அச்சு. எதிரே உள்ள சுவர் சூரியன். டிசம்பரிலும் ஜூனிலும் பென்சில் சுவரிலிருந்து விலகியோ, சுவரை நோக்கியோ சாய்ந்திருக்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். பக்கவாட்டில் வரும் புலத்தின் ஒரு பகுதி, பக்கவாட்டில் சாய்ந்த பென்சிலின் வழியே 'தெற்கு' நோக்கியதாக அமைந்துவிடுகிறது. ஆகவே சம இரவு நாட்களை ஒட்டிக் கதவு அடிக்கடி திறக்கிறது.

மூன்றாவது, கடலின் நிலை. குளிர்காலப் புயல்களும் கடுங்குளிரும் இன்னும் முழுவீச்சில் தொடங்கியிருப்பதில்லை. ஆனால் மேகங்கள் உண்டு. நார்வேக் கரை மழைக்குப் பேர்போனது. 100 கி.மீ. உயரத்து ஒளியைச் சில கி.மீ. உயரத்து மேகம் மறைத்துவிடும். இங்கேதான் கப்பலின் பெருமை. ஓரிடத்தில் நிற்பவர் மேகத்தின் தயவுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பல் இரவு முழுவதும் நகர்கிறது. ஒரு மலைத்தொடரின் இப்புறம் மூடியிருக்கும் வானம், அப்புறம் திறந்திருக்கலாம்.

ஏன் அந்த நேரம்?

துருவ ஒளி வளையம் பூமியோடு சேர்ந்து சுழல்வதில்லை. அதன் நடு காந்தத் துருவத்திலிருந்து இரவுப் பக்கமாகச் சற்றுத் தள்ளி இருக்கிறது. பூமி அதன் கீழே சுழல்கிறது. எனவே ஒவ்வொரு நாளும் நள்ளிரவை ஒட்டி நாம் வளையத்தின் தடித்த பகுதியின் கீழ் வருகிறோம். இரவு 9 மணி முதல் 1 மணி வரை விழித்திருப்பது நல்லது.

முதலில் அமைதியான ஒரு பச்சை வில் தோன்றும். பல நேரங்களில் அது வெண்மேகம் போலவே இருக்கும். மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறமறி செல்கள் செயல்படுவதில்லை. அதன் ஊடே விண்மீன் தெளிவாகத் தெரிந்தால் அது மேகமன்று, துருவ ஒளியே. திடீரென வில்லின் அடி விளிம்பு பிரகாசிக்கும். வில் மடிப்புகளாகச் சுருண்டு, வானெங்கும் சிதறி ஆடும். சில நிமிடங்களில் ஆட்டம் ஓய்ந்து, துடிக்கும் ஒளித் திட்டுகள் மட்டும் எஞ்சும். காந்த வாலில் ரப்பர் நாடா அறுந்த கதைதான் நம் கண்முன்னே வானில் நடக்கிறது.

கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். ஆகவே கைவிளக்கை அடிக்காமல், தளத்து விளக்குகள் படாத மூலையில் நிற்க வேண்டும். படம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: தரையில் நிற்பவர் போல் அரை நிமிடம் காமிராவைத் திறந்துவைத்தால், ஆடும் கப்பலில் விண்மீன்கள் கோடுகளாகிவிடும். ஒன்றிரண்டு விநாடிகளே போதும்.

ஒரு மணி நேர எச்சரிக்கை

இனி நான்காவது கேள்விக்கு வருவோம். இன்றிரவு ஒளி தெரியுமா?

சூரியனில் வெடிப்பு நிகழ்ந்ததைத் தொலைநோக்கி உடனே காட்டிவிடும். வெடித்துக் கிளம்பிய வாயுத் திரள் ஒன்று முதல் மூன்று நாட்களில் வந்து சேரலாம் என்றும் கணிக்கலாம். ஆனால் அதன் காந்தப்புலம் வடக்கு நோக்கியதா, தெற்கு நோக்கியதா? அதுவே கதவைத் திறக்கும் சாவி. இதனைப் பூமியிலிருந்து பார்த்து இன்னும் நம்பிக்கையோடு சொல்ல இயலவில்லை. அத்திரள் ஒரு விண்கலத்தின்மேல் வந்து மோதி, அதிலுள்ள காந்தமானி அளந்தால்தான் தெரியும். அத்தகைய விண்கலங்கள் பூமியிலிருந்து சூரியன் திசையில் 15 இலட்சம் கி.மீ. தொலைவில், எல்-1 என்னும் புள்ளியை ஒட்டி வலம்வருகின்றன. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று அங்கே சேர்ந்த நம் ஆதித்யா-எல்1 கலமும் ஒரு காந்தமானியைச் சுமந்து சென்றது.

15 இலட்சத்தை 400 ஆல் வகுங்கள். 3750 விநாடிகள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வேகமான புயலென்றால் அரை மணிக்கும் குறைவு. கப்பல் பயணிக்கு இது தாராளம். கம்பளியை மாட்டிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் மின்நிலையப் பொறியாளருக்கு?

1741 இலேயே சுவீடனில் செல்சியஸும் அவருடைய உதவியாளர் யோர்ட்டரும், வானில் ஒளி ஆடும்போது காந்த ஊசியும் ஆடுவதைக் கண்டறிந்தனர். 1859 செப்டம்பரில் வந்த மாபெரும் காந்தப் புயலை மும்பை கொலாபா ஆய்வகத்தின் கருவிகள் பதிவு செய்தன. அப்போது பல நாடுகளில் தந்திக் கம்பிகள் தடுமாறின. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்னும் ஃபாரடேயின் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில், நீண்ட மின்கம்பிகளில் அவ்வாறு தூண்டப்பட்ட மின்னோட்டம் மின்வலையைக் குலைத்தது. ஒன்றரை நிமிடத்தில் மின்சாரம் நின்றது. 60 இலட்சம் மக்கள் 9 மணி நேரம் இருளில் தவித்தனர். ஓரிடத்தில் கண்டு மகிழும் ஒளியும், வேறோரிடத்தில் வந்த இருளும் ஒரே புயலின் இரு முகங்கள்.

எனவே, அந்த ஒரு மணி நேரத்தை ஒரு நாளாக நீட்டிக்க முடியுமா என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பெருங்கேள்வி. சூரியனை விட்டுக் கிளம்பும்போதே அத்திரளின் காந்தப்புலம் எத்திசையில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும். அதைச் சொல்ல விரும்புபவர் நார்வேக்குப் போக வேண்டியதில்லை. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1901 முதல் சூரியனைப் பார்த்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்பவர் 1909 இல் கண்டுபிடித்ததும் அங்கேதான்.

உங்களாலும் இன்றே தொடங்க முடியும். சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது; தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் கண்ணே போய்விடும். ஆசிரியர் துணையோடு, சிறு தொலைநோக்கியின் வழியே சூரியனின் உருவை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். கரும்புள்ளிகளின் இடத்தை நாள்தோறும் வரைந்து வாருங்கள். அவை நகர்ந்து விளிம்பில் மறைவதையும், நீடித்து நிற்பவை மறுவிளிம்பில் திரும்புவதையும் காண்பீர்கள். பூமியிலிருந்து பார்க்கச் சூரியன் ஒருமுறை சுழல ஏறத்தாழ 27 நாட்கள் ஆகின்றன. அதனால்தான், வேகமான சூரியக் காற்று வீசும் பகுதி ஒன்று இன்று பூமியை நோக்கியிருந்தால், 27 நாட்கள் கழித்து அது மீண்டும் நம்மை நோக்கும். அனுபவமுள்ள பயணிகள் இந்த 27 நாள் கணக்கைப் பார்த்தே பயண நாளைக் குறிக்கின்றனர். உங்கள் நோட்டுப்புத்தகத்தில் அந்தக் கணக்கு சரியாக வருகிறதா என்று பாருங்கள்.